ஃபுட்பால் மேனேஜர் 24: விசுவாசத்துக்கு மதிப்பெண் இருக்கிறது, வீட்டுக்கு இல்லை

ஃபுட்பால் மேனேஜர் என்பது நாமே ஒரு கால்பந்து கிளப்பின் மேனேஜராக இருந்து டீமை நடத்தும் கணினி விளையாட்டுத் தொடர். அதில் 24-ஆம் பதிப்பின் மேட்ச் எஞ்சினைப் (மேட்ச்களை ஓட்டிக் காட்டும் நிரல்) பற்றியும் டாக்டிக்ஸைப் பற்றியும் நிறைய பேர் எழுதிவிட்டார்கள், அதில் நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. நடுவில் வரவேண்டிய 25 ரத்தாகி, 2025 நவம்பரில் 26-உம் வந்துவிட்டது. ஆனாலும் என் பெரிய சேவ் (சேமித்துச் சேமித்துத் தொடர்ந்து ஆடிவரும் ஆட்டம்) இன்னும் 24-இல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் இதைத்தான் விமர்சிக்கிறேன், அதிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும். ஒரு தொழில்முறை கால்பந்து வீரரை வீடு ஒரு பக்கமும் கிளப் இன்னொரு பக்கமும் இழுக்கும்போது இந்த ஆட்டம் என்ன செய்கிறது?

ஒரு வீரர் கிளப் மாறுகிறார் என்று செய்தி வந்தால் காசா, கோப்பையா, கோச்சோடு சண்டையா என்றுதான் எல்லோரும் பேசுவோம். மனைவிக்கு அந்த ஊரில் பேசக்கூட ஆளில்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற மனமில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் செய்தியின் கடைசி வரியில் வரும், அதுவும் வந்தால்தான். ஆனால் பல முடிவுகள் அந்தக் கடைசி வரியில் இருப்பவற்றால்தான் எடுக்கப்படுகின்றன. கார்னர் எடுக்கும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்பது வரை நுணுக்கமாகப் போகிற ஆட்டத்திடம் இதையும் எதிர்பார்ப்பது நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆட்டம் இதை எப்படிக் கணக்குப் போடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். வீரர்களின் திறமைகளுக்கு 1 முதல் 20 வரை எண்கள் இருப்பது விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். வேகம், பாஸ், ஹெட்டிங் எல்லாம் திரையில் தெரியும். தெரியாத எண்கள் சில உண்டு. அவற்றில் மூன்று நம் விஷயத்துக்கு முக்கியம்: விசுவாசம், லட்சியம், புது நாட்டில் ஒட்டிக்கொள்ளும் தன்மை. இவற்றை நேரடியாகக் காட்டாமல், ஒரு வார்த்தையில் குணத்தைச் சொல்லிவிடுவார்கள். விசுவாசம் உச்சத்தில் இருந்தால் 'டிவோட்டட்' (அர்ப்பணிப்புள்ளவர்), லட்சியம் ஏறி விசுவாசம் இறங்கினால் 'மெர்சினரி' (காசுக்காக ஆடுபவர்). பழகிவிட்டால் இந்த வார்த்தையைப் பார்த்தே, இவன் ரெண்டு சீசனில் கிளம்பிவிடுவான், இவன் கடைசி வரை இருப்பான் என்று கணித்துவிடலாம். கணிப்பு பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் வீரர் ஊரோடு ஒட்ட நேரம் ஆகும் என்பது இந்த ஆட்டத்துக்குத் தெரியும். மொழி தெரியாத நாட்டில் வந்து இறங்கினால் தடுமாறுவார். அவருடைய மொழி பேசுகிற இன்னொருவர் டீமில் இருந்தால் சீக்கிரம் பழகிவிடுவார். மொழி கற்றுக்கொள்ள அனுப்பலாம், சில நாள் விடுமுறை கொடுக்கலாம், மூத்த வீரர் ஒருவரோடு சேர்த்துவிடலாம். அடிபட்டதாலோ ஃபார்ம் போனதாலோ இல்லாமல், வெறும் வீட்டு ஏக்கத்தால் ஒரு நல்ல வீரர் சோர்ந்துபோக முடியும் என்று ஒத்துக்கொள்கிற விளையாட்டு எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. இதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

என் சேவில் நடந்த ஒன்று. ஜெர்மனியில் ஒரு நடுத்தர கிளப். 18 வயது முடிந்த கையோடு உருகுவேயிலிருந்து ஒரு விங்கரைக் கொண்டுவந்தேன். (18-க்கு முன்னால் கொண்டுவர முடியாது. ஃபிஃபா விதி 19 அப்படி. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் இடம்பெயர்ந்தால் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. சின்ன வயதில் குடும்பத்தைப் பிரித்துக் கூட்டிப்போவதைத் தடுக்கத்தான் அந்த விதியே.) முதல் சீசன் சுமார்தான். மொழிப் பயிற்சிக்கு அனுப்பினேன், ஸ்பானிஷ் பேசுகிற ஒரு டிஃபெண்டரை எடுத்தேன், பையன் நிமிர்ந்துவிட்டான். ரெண்டு சீசன் கழித்து டீமே அவனைச் சுற்றித்தான் ஆடியது. அப்போது அவனுடைய மனநிலைப் பக்கத்தைத் திறந்தால் பயிற்சி பிடிக்கிறது, தன் இடம் பிடிக்கிறது, மேனேஜரைப் பிடிக்கிறது, கிளப் போகிற பாதை பிடிக்கிறது என்று வரிசையாகப் பச்சை. கடைசியில் சிவப்பாக ஒரே ஒரு வரி, வீட்டு ஏக்கம். அந்த ஒரு வரி மேலே இருக்கிற அத்தனை பச்சையையும் தின்றுவிட்டது. கொஞ்ச நாளில் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டு வந்து நின்றான்.

இந்த இடத்தில்தான் ஆட்டம் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. அவன் தனியாக இருக்கிறானா? அம்மா அப்பாவை இங்கே வரவழைக்க முடியுமா? ஊரில் கல்யாணம் பேசியிருக்கிறார்களா? டிசம்பர் இடைவெளியில் கூடுதலாகப் பத்து நாள் விட்டால் சரியாகிவிடுமா? எதுவும் இல்லை. இருக்கச் சொல், பொறுத்திருக்கச் சொல், விற்றுவிடு, இவ்வளவுதான் என்னிடம் இருந்த வழிகள். அவனுடைய பழைய கிளப்புக்கே, வேறு இடத்தில் கிடைத்திருக்கக்கூடிய தொகையைவிட நன்றாகக் குறைத்து விற்றேன். போர்டுக்குப் பிடிக்கவில்லை. ரசிகர்கள் நம்பிக்கைப் பக்கத்தில் முக்கியமான வீரரை இழந்துவிட்டோம் என்று அம்பு கீழே இறங்கியது. ஒரு மனிதன் சந்தோஷமாக வீட்டுக்குப் போனான் என்பது எந்தப் பக்கத்திலும் பதிவாகவில்லை.

என் முக்கியமான குறை இதுதான். இந்த ஆட்டம் விசுவாசத்தை வீரருக்குள் இருக்கிற ஒரு குணமாகப் பார்க்கிறது, உயரம் மாதிரி, இடதுகால் பழக்கம் மாதிரி. பிறக்கும்போதே 17 என்றால் பெரும்பாலும் 17தான். ஆனால் நிஜத்தில் விசுவாசம் பெரும்பாலும் கிளப் நடந்துகொள்கிற விதத்தில் விளைகிறது, அதுவும் வீட்டில் ஏதாவது நடக்கும்போது கிளப் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்.

டேவிட் சில்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் அவருடைய மகன் மாத்தேயோ மிகக் குறைமாதத்தில் பிறந்தான். குழந்தை ஸ்பெயினில் மருத்துவமனையில் போராடிக்கொண்டிருந்தான், அப்பா மான்செஸ்டர் சிட்டியின் நடுக்களத்தை நடத்திக்கொண்டிருந்தார். சிட்டி முதலிடத்தில் இருந்த சீசன், ஒவ்வொரு மேட்சுக்கும் அவர் தேவை. கோச் குவார்டியோலா அவரிடம் எப்போது வேண்டுமானாலும் போ, எப்போது முடியுமோ வா, குடும்பம்தான் முதலில் என்று விட்டுவிட்டார். சில்வா பறந்து போனார், வந்தார், சில மேட்ச் ஆடினார், சிலவற்றை விட்டார். அந்த சீசனில் சிட்டி 100 புள்ளிகளோடு லீக்கை வென்றது. 2010-இல் வந்த சில்வா 2020 வரை அங்கேயே இருந்தார், இன்று அந்த ஸ்டேடியத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. இதை ஃபுட்பால் மேனேஜரில் வைத்து யோசித்தால், சில்வாவின் விசுவாச எண் பெரியது, அதனால் பத்து வருடம் இருந்தார் என்று கணக்கு முடிந்துவிடும். அந்தக் குளிர்காலத்தில் கிளப் அவர் கையைப் பிடித்துக்கொண்டது கணக்கிலேயே வராது. அன்றைக்கு யாராவது ஒருவர் மேட்ச் இருக்கிறது, இப்போது போகாதே என்று சொல்லியிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒட்டிக்கொள்ளும் தன்மைக்கும் இதே பிரச்சினைதான். ஹெசுஸ் நவாஸ் இளம் வயதில் ஸ்பெயினின் செவில்லா ஊரை விட்டு வெளியே போனாலே பதற்றத்தில் தவித்தவர். சீசனுக்கு முன்னால் நடக்கும் பயிற்சி முகாமுக்குப் போவதே அவருக்குப் பெரும்பாடு. ஸ்பெயின் அணிக்கு வருவதே அதனால் தள்ளிப்போனது. ஆட்டத்தின் கணக்கில் அவருக்கு 1 அல்லது 2 போட்டு மூடிவிடலாம். ஆனால் சிகிச்சை எடுத்து, பொறுமையாக இருக்கிற மனிதர்கள் சுற்றி இருந்து, 2010-இல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பையை வென்ற அணியில் அவர் இருந்தார். 2013-இல் மான்செஸ்டர் சிட்டிக்கே போய் நான்கு சீசன் ஆடினார். லீக் கோப்பையும் பிரீமியர் லீக்கும் கையில் எடுத்த பிறகு 2017-இல் தன் பழைய கிளப்பான செவில்லாவுக்குத் திரும்பினார், கிளப் கால்பந்தை அங்கேயேதான் முடித்தார். 38 வயதில் 2024 யூரோவையும் வென்றார் என்பது கூடுதல். இவரிடம் குடும்பமும் விசுவாசமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கவே இல்லை. வீட்டு ஏக்கமும் கிளப் மேல் இருந்த பாசமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இதைக் காட்ட ஆட்டத்தில் இடமே இல்லை, ஏனென்றால் ஏக்கம் என்றாலே அதற்குக் கோளாறு.

லட்சியத்துக்கு வருவோம். லூயிஸ் சுவாரஸ் 2006-இல் உருகுவேயின் நசியோனாலிலிருந்து நெதர்லாந்தின் குரோனிங்கனுக்குப் போனபோது அவருக்கு 19 வயது. ஐரோப்பாவுக்கு எப்படியாவது போய்விட வேண்டும் என்று அவர் துடித்ததற்குப் பெரிய காரணம், அவர் காதலித்த சோஃபியா தன் குடும்பத்தோடு ஏற்கெனவே பார்சிலோனாவுக்குக் குடிபோயிருந்தார். அயாக்ஸ், லிவர்பூல் என்று ஏறி 2014-இல் அவர் பார்சிலோனாவில் போய்ச் சேர்ந்தார். ஆட்டத்தில் பார்த்தால் இது லட்சியம் 18 உள்ள ஒரு பையன் படிப்படியாகப் பெரிய கிளப்புக்குத் தாவிய கதை. குடும்பம் ஒரு வீரரைக் கீழே இழுக்கும் என்றுதான் நாமும் பெரும்பாலும் பேசுகிறோம். மேலே தள்ளியதும் உண்டு.

அதே சுவாரஸ் இன்னொன்றுக்கும் உதாரணம். 2020-இல் பார்சிலோனாவுக்குப் புது கோச் வந்ததும், உன்னை எண்ணத்தில் வைக்கவில்லை என்று ஒரு போன் காலில் சொல்லிவிட்டார்கள். ஆறு சீசன், கிட்டத்தட்ட 200 கோல். அவர் அட்லெட்டிகோவுக்குப் போய் அடுத்த சீசனே லீக்கை வென்றார். இங்கே விசுவாசம் யாரிடம் குறைந்தது? ஃபுட்பால் மேனேஜரில் வீரருக்கு விசுவாச எண் உண்டு. கிளப்பிடம், போர்டிடம், என்னிடம் இருந்து ஆட்டம் எதிர்பார்க்கும் விசுவாசம் எவ்வளவு என்று தேடினால், கொடுத்த வாக்கை மீறினால் வீரர் கோபப்படுவார், அவர் நண்பர்களும் முறைப்பார்கள், அதோடு சரி. வாக்கே கொடுக்காமல் தூக்கி எறிந்தால் பெரிதாக எதுவும் ஆகாது. ஒப்பந்தத்தில் லாயல்டி போனஸ் என்று ஒரு வரி இருக்கிறது, அது பணம். ஒரு தரப்பிடம் மட்டும் கேட்கிற விசுவாசத்தை வைத்து ஒரு வீரரை எடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மெஸ்ஸி விஷயத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. 2020-இல் அவர் பார்சிலோனாவை விட்டுப் போக விரும்பியபோது, வீட்டில் சொன்னதும் எல்லோரும் அழுதார்கள், பிள்ளைகள் ஊரை விட்டு, பள்ளியை விட்டு வரமாட்டோம் என்றார்கள் என்று அவரே பேட்டியில் சொன்னார். அதாவது கிளப்பில் இருக்கச் சொன்னதே குடும்பம்தான். அடுத்த வருடம் அவர் இருக்க விரும்பினார், கிளப்பின் நிதி நிலைமையும் லீக்கின் சம்பள விதிகளும் விடவில்லை. பாரிஸில் ரெண்டு வருடம் சந்தோஷமாக இல்லை, அது வீட்டையும் பாதித்தது என்று சொல்லிவிட்டு 2023-இல் மயாமிக்குப் போனார். குடும்பமா கிளப்பா என்று ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிக்கவே முடியாது. ஒரே வருடத்தில் ரெண்டும் இடம் மாறிக்கொள்ளும்.

கார்லோஸ் டெவேஸ் வேறு வகை. 2010 டிசம்பரில், மகள்கள் அர்ஜென்டினாவில் இருக்கிறார்கள், அவர்களை விட்டு இருக்க முடியவில்லை என்று மான்செஸ்டர் சிட்டியில் விலகல் கடிதம் கொடுத்தார். அப்போது பலர் நம்பவில்லை, சம்பளத்துக்காக நாடகம் என்றார்கள். கொஞ்ச நாளில் கடிதத்தைத் திரும்பப் பெற்றதும் சந்தேகம் கூடியது. ஆனால் 2015-இல் யுவென்டஸோடு சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி ஆடிய கையோடு, ஐரோப்பாவில் இன்னும் நன்றாக ஆடக்கூடிய 31 வயதில், போகா ஜூனியர்ஸுக்குத் திரும்பினார். எல்லாவற்றையும் பார்த்த பிறகு அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டுக் காரணம் சொல்கிற வீரரை உடனே துரோகி என்று திட்டும் பழக்கம் ரசிகர்களான நமக்கு இருக்கிறது, இந்த ஆட்டத்தின் 'மெர்சினரி' முத்திரையும் அதையேதான் செய்கிறது.

இன்னொரு பெரிய ஓட்டை. 24-இல் பெண்கள் கால்பந்தே கிடையாது, 26-இல்தான் வந்தது. குடும்பமும் கிளப்பும் மோதுவதில் சட்டப்படி முக்கியமான வழக்கு ஒன்று நடந்தது அங்கேதான். ஐஸ்லாந்தின் சாரா ப்யோர்க் குன்னர்ஸ்டோட்டிர் லியோன் கிளப்பில் ஆடும்போது 2021-இல் கர்ப்பமானார், பிரசவத்துக்கு ஊருக்குப் போனார், சம்பளம் முழுசாக வரவில்லை. வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ துணையோடு ஃபிஃபாவிடம் போனார். 82,094 யூரோவும் சில்லறையும் கொடுக்க வேண்டும் என்று கிளப்புக்கு 2022-இல் தீர்ப்பு வந்தது. 2021 ஜனவரி முதல் அமலுக்கு வந்த விதிப்படி குறைந்தது 14 வாரம் மகப்பேறு விடுப்பு, அதில் 8 வாரமாவது பிரசவத்துக்குப் பிறகு. அந்த விதிக்குப் பல்லிருக்கிறது என்று காட்டிய வழக்கு இது. குழந்தை பெற்றுக்கொள்வதையும் கிளப்பில் தொடர்வதையும் ஒன்றையொன்று வெட்டாமல் வைத்துக்கொள்ள ஒரு வீராங்கனை எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது பாருங்கள். ஒரு மேனேஜராக இந்த முடிவுகளை எடுக்க வைக்கிற ஆட்டம் எவ்வளவு கற்றுக்கொடுத்திருக்கும்!

வீட்டு வாழ்க்கையை ஆட்டத்தில் கொண்டுவர முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். இதே தொடரில் முன்பு பிரெக்ஸிட்டைக் கொண்டுவந்தார்கள், கற்பனை வீரர்கள் தங்களை ஓரினச்சேர்க்கையாளர் என்று வெளிப்படையாக அறிவிப்பதைக் கொண்டுவந்தார்கள். நிஜ வீரர்களின் மனைவி, மக்களைப் பற்றி எழுதுவது தனிப்பட்ட விஷயம், அதைத் தொடாமல் இருப்பது சரிதான், நானும் அதைக் கேட்கவில்லை. ஆனால் சில சீசன் போனதும் ஆட்டமே உருவாக்கும் கற்பனை வீரர்களுக்கு என்ன தடை? அவர்களுக்கும் வீரர் பக்கத்தில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சொந்தம் என்று வருவதெல்லாம் அந்தச் சொந்தக்காரரும் கால்பந்துக்காரராக இருந்தால்தான். பல சீசன் தாண்டிய சேவில், மேனேஜரான நம்முடைய மகனே அரிதாக ஒரு வீரராக வந்து நிற்பான். எனக்குப் பிடித்த அம்சம் அது. ஆனால் அவன் பிறந்தபோது நாம் எங்கே இருந்தோம் என்று ஆட்டம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அடுத்த பதிப்புகளில் நான் பார்க்க விரும்புவது பெரிய மாற்றம் இல்லை. 24-இல் செட் பீஸ் கோச் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றைக் கவனிப்பவர்) என்று ஒரு பதவியைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதுபோல பிளேயர் கேர் அதிகாரி ஒருவரைச் சேர்க்கலாம், நிஜத்தில் பல பெரிய கிளப்புகளில் வீடு பார்த்துக் கொடுப்பதிலிருந்து பிள்ளைக்குப் பள்ளி தேடுவது வரை அவர்கள்தான் செய்கிறார்கள். விடுப்பு கேட்டு வரும் வீரருக்கு நாம் சொல்லும் பதில் அவருடைய விசுவாச எண்ணை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். அப்புறம் போர்டுக்கும் அதே எண் வேண்டும், விற்பனை நேரத்தில் மற்ற வீரர்கள் அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

அது வரும் வரை நான் எனக்கென்று சில விதிகள் வைத்து ஆடுகிறேன், பிடித்தால் நீங்களும் முயற்சி செய்யுங்கள். வீட்டு ஏக்கம் என்று சிவப்பு வரி வந்தால் அந்த வீரரை முதலில் அவர் நாட்டுக் கிளப்புகளுக்கு மட்டும்தான் முன்வைப்பேன், தொகை குறைந்தாலும் சரி. வேறு கண்டத்திலிருந்து இளைஞனை எடுத்தால் அவன் மொழி பேசுகிற மூத்தவர் ஒருவர் டீமில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் எடுக்க மாட்டேன். நாட்டுக்காக ஆடிவிட்டு நீண்ட பயணத்தில் திரும்புகிறவர்களுக்கு அடுத்த மேட்ச் கிடையாது, ஓய்வுதான், பக்கத்து ஊர் எதிரியோடு ஆடும் டெர்பியாக இருந்தாலும். நீண்ட காலம் ஆடிய வீரரை ஒப்பந்தம் முடிய ஒரு சீசன் இருக்கும்போதே கூப்பிட்டு, இருக்கிறாயா போகிறாயா என்று கேட்டுவிடுவேன், கடைசி நாளில் தெருவில் விடுவது இல்லை. இப்படி ஆடினால் சில கோப்பைகள் கைநழுவும், ஆனால் டீமுக்குள் ஒருவரோடொருவர் இருக்கும் உறவு நன்றாக இருப்பதை டைனமிக்ஸ் பக்கத்திலேயே பார்க்கலாம்.

டாக்டிக்ஸ், ஸ்கவுட்டிங், நிதி இவற்றுக்காக வாங்குகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம், ஐந்துக்கு நாலரை தருவேன். வீரர்களை மனிதர்களாகப் பார்த்து ஒரு கிளப்பை நடத்த ஆசைப்படுகிறவர்களுக்கு ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றும் பெரும்பாலும் மொழியையும் ஊர்ப்பழக்கத்தையும் அவர்கள் கவனமாகச் செய்திருப்பதற்காக.